விமானத்தை எழுப்பும் சேவல்

முதலாளி, நீங்கள் பொய் சொன்னீர்கள். பரிகார பூஜையன்று மைக்கைப் பிடித்து, களத்தில் வேலை செய்கிற எல்லோரும் கேட்க, என் அக்கா கட்டிய மாலை மிஷினுக்குள் போனதால்தான் அது வெறி பிடித்து அவள் கையைச் சுட்டது என்று சொன்னீர்கள். மாலை உள்ளே போகவில்லை. அது உங்களுக்கும் தெரியும்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அது என்ன மிஷின் என்றே தெரியாது. அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு நயமாக எழுத வராது. வந்தபடி எழுதுகிறேன்.

நான் விமானப் படையில் இருந்தவன். விமானம் ஓட்டினாயா என்று இராஜபாளையத்தில் கேட்காத டீக்கடை இல்லை. ஓட்டவில்லை. தரையில் நின்றேன். ஜெட் என்ஜின் சாவியைத் திருப்பினால் ஓடுகிற சாமான் இல்லை. அதை யாராவது முதலில் சுற்றிவிட வேண்டும். சில விமானங்களில் அதற்கான ஏற்பாடு உள்ளேயே இருக்கும். நான் இருந்த தளத்து விமானங்களுக்கு வெளியிலிருந்து ஒரு வண்டி வேண்டும். நான்கு சக்கரம், மஞ்சள் பெயிண்ட், உள்ளே ஒரு சின்ன டர்பைன். அது காற்றை இழுத்து, நெருக்கி, தொடை தடிமன் ஹோஸ் வழியாக விமானத்தின் வயிற்றுக்குள் அனுப்பும். அந்தக் காற்று என்ஜினைச் சுற்றும். வேகம் பிடித்ததும் பைலட் எரிபொருளைத் திறப்பார். என்ஜின் தன் மூச்சை எடுத்துக்கொள்ளும். நாங்கள் ஹோஸைக் கழற்றிக்கொண்டு விலகிவிடுவோம். விமானம் போய்விடும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த வண்டிதான் என் வேலை. வருடக் கணக்கில் அதுதான்.

இப்போதும் கண்ணை மூடினால் அந்த விடியற்காலைகள் வருகின்றன. மணல் காடு. சூரியன் இன்னும் வரவில்லை, வெளிச்சம் மட்டும் வந்துவிட்டது. ஹோஸ் தரையில் தட்டையாகக் கிடக்கிறது, உள்ளே ஒன்றும் இல்லாமல். வண்டி முதலில் கொசு மாதிரி ரீங்காரம் போடும். பிறகு பனங்காட்டில் ஆடிக்காற்று புகுந்த மாதிரி. அதற்கப்புறம் சத்தம் காதுக்குள் நிற்காது, நெஞ்சுக்குள் இறங்கிவிடும். காதில் அடைப்பு மாட்டியிருப்போம். ஆக, உலகம் ஊமையாகிவிடும். ஓடுதளத்தின் கடைசியில் என்ஜின்கள் கக்கும் வெக்கை அலையடிக்கும். அங்கே நிற்கிற விமானங்கள் தண்ணீரில் மிதப்பது போல இருக்கும். எங்கிருந்தோ வந்த மயில் ஒன்று வேலியோரம் வாயைத் திறந்து திறந்து மூடும். அகவுகிறது என்று தெரியும். கேட்காது. நான் விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்த நாள் உண்டு.

அந்த ஊமை உலகத்தில் கைதான் பேச்சு. இரண்டு விரலை வட்டமாகச் சுற்றினால் ஸ்டார்ட் செய். கட்டை விரலை உயர்த்தினால் ஹோஸ் மாட்டியாயிற்று, பூட்டியாயிற்று. உள்ளங்கையை விரித்துக் காட்டினால் நிறுத்து, தொடாதே. இதில் ஒரு சட்டம் உண்டு. வண்டியில் நிற்கிறவனுக்கு அதிகாரம் இல்லை. ஹோஸ் முனையில் நிற்கிறவனுக்குத்தான் அதிகாரம். அவன் நேற்று வந்தவனாக இருந்தாலும் சரி, அவன் உள்ளங்கையைக் காட்டிவிட்டால் தளத்தின் தலைவரே வந்து நின்றாலும் வண்டி ஓடக்கூடாது. ஏனென்றால் காற்று வரும்போது அவன் கையில்தான் வரும். கொதிக்கிற காற்று. மாட்டாத ஹோஸில் அது வந்தால் ஹோஸ் எழுந்து ஆடும்.

ஓய்வு பெற்று ஊருக்கு வந்தேன். அக்கா வீட்டில்தான் இருந்தேன். அக்கா, முதலாளியின் பேண்டேஜ் துணிக் கம்பெனியில் காயப்போடுகிற களத்தில் வேலை பார்த்தாள். வெளுத்த துணியை ஈரத்தோடு கொண்டுவந்து கம்புகளில் வரிசையாகப் போட்டு, காய்ந்ததும் மடித்து உள்ளே அனுப்ப வேண்டும். வெயில் காலத்தில் ஒரு கவலையும் கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் மலையைத் துணி மூடின மாதிரி மேகம் இறங்கிவிடும். ஒன்றும் காயாது. ஈரத் துணி மஞ்சள் அடித்தால் ஆஸ்பத்திரிக்காரன் வாங்க மாட்டான்.

அப்போதுதான் முதலாளி எங்கோ வடக்கே, படையில் கழித்த சாமான்களை விற்கிற ஏலத்துக்குப் போனார். ஜெனரேட்டர் வாங்கப் போனவர் இந்த வண்டியோடு வந்தார். லாரியிலிருந்து இறக்கும்போது அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். தார்ப்பாயை நீக்கினார்கள். மஞ்சள் பெயிண்ட் உரிந்து, ஹோஸ் சுருண்டு கிடந்தது. நான் படையில் ஓட்டின அதே மாதிரி வண்டி. இராஜபாளையத்தில், வேப்பமரத்தடியில், ஆடு கட்டியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அது நின்றது. கனவில் ஆட்கள் இடம் மாறி வருவது போல.

“ஏலே மிலிட்டரி, இது என்ன மிசினுன்னு தெரியுமா?” என்றார் முதலாளி. விமானப் படை என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் மிலிட்டரிதான்.

“தெரியும் மொதலாளி. நீங்க எதுக்கு வாங்குனீக?”

“சுடுகாத்து வரும்னான். புகையில்லாத சுத்தமான காத்துன்னான். துணி காயாதாலே?”

சிரிக்கத்தான் வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் காயும். அந்தக் காற்றில் புகை கிடையாது, எண்ணெய் கிடையாது. அதை வெளிக்காற்றோடு கலந்து சூட்டைக் குறைத்தால் எந்தத் துணியும் காயும். விமானப் படையில் யாருக்கும் தோன்றாத யோசனை. இந்த ஊர்க்காரனுக்குத்தான் தோன்றும். அதற்காக அவரை இன்றைக்கும் பாராட்டுவேன். பொய்யன் என்பதற்காக அவரை முட்டாள் என்று சொல்ல மாட்டேன்.

அக்கா வண்டியைச் சுற்றி வந்தாள்.

“இதுதானா நீ ஓட்டுன பிளேனு?”

“பிளேன் இல்லக்கா. பிளேன எழுப்பி விடுற வண்டி.”

“எழுப்பி விடுமா?”

“ஆமா. இது கூவுனாத்தான் அது எந்திரிக்கும்.”

“அப்ப சேவல்னு சொல்லு. இம்புட்டுப் பெரிய சேவலுக்கு எம்புட்டு இரை போடணுமோ,” என்றாள். அன்றைக்கே களத்தில் பேர் நிலைத்துவிட்டது.

முதலாளி என்னையே வேலைக்கு வைத்தார். பழுது பார்த்தேன். துணி காயப்போடுகிற ஷெட் நெடுகத் தகரக் குழாய் ஓடவிட்டோம். குழாயில் வரிசையாக ஓட்டைகள். வெளிக்காற்று கலக்க ஒரு பெரிய வாய். ஹோஸை அந்தக் குழாயில் மாட்ட ஒரு பூட்டு. ஹோஸ் முனைக்கு ஆள் வேண்டும். அக்காவை நிறுத்தினேன். சைகைகளைச் சொல்லிக்கொடுத்தேன். சட்டத்தையும் சொன்னேன். முதலாளியும் பக்கத்தில் நின்று கேட்டார். “அப்ப ஒங்க அக்காதான் இனி மொதலாளி,” என்று கேலி செய்தார். அக்கா வாயைப் பொத்திச் சிரித்தாள்.

முதல் நாள் ஓட்டியபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அக்கா பூட்டைப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள், கட்டை விரலை உயர்த்தினாள். நான் பொத்தானை அழுத்தினேன். கொசு, பனங்காடு, பிறகு ஊமை. தட்டையாகக் கிடந்த ஹோஸ் மெல்ல மெல்ல உடம்பு பிடித்தது. செத்த நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஷெட்டின் அந்தக் கோடியில் ஒரு துணி அசைந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. வரிசை வரிசையாக அத்தனை வெள்ளையும் ஒரே பக்கமாக எழுந்து மிதந்தது. துணியிலிருந்து ஆவி கிளம்பியது. பெண்கள் அதற்குள் நடந்து போனார்கள். இடுப்புக்குக் கீழே தெரியவில்லை. யாரோ பாடுகிறாள், வாய் அசைகிறது, பாட்டு இல்லை. வெளியே மலையைக் காணோம், மேகம்தான். உள்ளேயும் மேகம்தான். எத்தனையோ விமானத்தை அந்த மாதிரி வண்டிகளால் எழுப்பி அனுப்பியிருக்கிறேன். ஒன்றுகூட எனக்காக நின்றதில்லை. இந்த வெள்ளைத் துணிகள் எழுந்து, போகாமல், என் முன்னாலேயே ஆடிக்கொண்டிருந்தன. கண்ணீர் வந்ததை, வண்டிக்கு ஊற்றின மண்ணெண்ணெயின் நெடி என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

அந்த மழைக்காலம் முழுக்க அப்படித்தான் போனது. நிறுத்தின பிறகு காது திறக்க நேரமாகும். வீட்டுக்கு நடந்து வரும்போது அக்காவும் நானும் பேசிக்கொள்ள மாட்டோம். கையாலேயே கேட்டுக்கொள்வோம். சாப்பிட்டாயா. தண்ணீர் வந்ததா. சோற்றுத் தட்டின் மேல் அவள் உள்ளங்கையை விரித்தால், போதும் என்று அர்த்தம். போட்டால் திட்டுவாள்.

அடுத்த புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஊரில் ஆயுத பூஜை என்றால் மிஷினுக்கு ஓய்வு. முந்தின நாளே பிரித்துத் துடைத்து, அன்றைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து மாலை போட்டு விட்டுவிட வேண்டும். யாரும் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமியன்று நல்ல நேரத்தில் ஒருமுறை ஓட்டி எடுக்க வேண்டும். நானும் அப்படித்தான் செய்தேன். ஹோஸைக் கழற்றி, துடைத்து, மிஷின் முன்னால் நீளமாகப் போட்டேன். அதன் வாயிலும் பொட்டு வைத்தார்கள். தகரக் குழாயில் மாட்டவில்லை. பூஜையன்று மாட்டத் தேவையும் இல்லை.

மாலையை அக்கா கட்டினாள். பூக்கட்டுவதில் அவளுக்குத் தெருவில் பேர் உண்டு. வளைகாப்பு, கல்யாணம் எதுவானாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். செவ்வந்தியும் மரிக்கொழுந்தும் வைத்து, ஆள் உயரத்துக்குக் கட்டி, சேவலின் கழுத்தில் போட்டாள். கழுத்து என்றால் முன் கைப்பிடி. அது தொங்கின இடத்துக்குப் பக்கவாட்டில்தான் காற்று இழுக்கிற கம்பி வலை. அதனால் காலையில் மாலையை எடுத்த பிறகுதான் ஓட்ட வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன்.

விஜயதசமி காலையில் முதலாளி என்னை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அனுப்பினார். வேலையாட்களுக்குக் கொடுக்கப் பால்கோவா வேண்டும். “நேத்துக் கிண்டுனது வேண்டாம். இன்னைக்கி அடுப்புல இருந்து எறக்குனத வாங்கிட்டு வா,” என்றார்.

பஸ்ஸில் போனேன். பண்டிகைக் கூட்டம். கடைக்குப் பின்னால் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அகன்ற சட்டியில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. கிண்டுகிறவர் தூக்கத்தில் கிண்டுவது போல ஒரே சுற்றாகச் சுற்றினார். வெள்ளை கொஞ்சம் கொஞ்சமாக இளஞ்சிவப்பாக மாறியது. ஆவி மேலே போய்க் கோபுரத்துப் பக்கமாகச் சாய்ந்தது. அந்த நேரத்தில் உலகத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

போன் வந்தது.

“மிலிட்டரி, எங்கலே இருக்க?”

“கடையிலதான் மொதலாளி. எறக்கப் போறாக. வாங்கிட்டு வாரேன்.”

“நல்ல நேரம் முடியப் போவுது. நான் பொத்தான அமுக்கிட்டு நிப்பாட்டிர்றேன். ஒரு நிமிசந்தான்.”

“வேண்டாம் மொதலாளி. ஹோஸு மாட்டல. சும்மா தரையில கெடக்கு. நான் வந்து போடுறேன்.”

“சரி சரி,” என்றார். வைத்துவிட்டார்.

நான் சொன்னேன், முதலாளி. உங்கள் காதில் சொன்னேன். ஹோஸ் மாட்டவில்லை என்று சொன்னேன். சரி சரி என்றீர்கள்.

நான் திரும்பி வந்தபோது களத்தில் கூட்டம் கலைந்திருந்தது. அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விட்டார்கள். நடந்ததை அக்காவின் ஜோடிக்காரி, அவளோடு சேர்ந்து துணி காயப்போடுகிறவள், சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெண், வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். அழுதுகொண்டே சொன்னாள்.

“மொதலாளி சூடம் காட்டிட்டு மிசினுகிட்டப் போனாரு. அக்கா ஹோஸுகிட்ட நின்னுச்சு. அதுக்கு அதான எடம். கைய இப்பிடி விரிச்சுக் காமிச்சுச்சு. நான்கூட ஒத்து ஒத்துன்னு கத்துனேன். அவரு அக்கா மொகத்தப் பாத்தாரு. பாத்துட்டுத்தான் அமுக்குனாரு.”

“ஒத்து” என்றால் தெலுங்கில் வேண்டாம் என்று அர்த்தம். தெலுங்கும் புழங்குகிற இராஜபாளையத்தில் பிறந்து வளர்ந்த முதலாளிக்கு அது புரியாமல் இருக்காது.

ஹோஸ் எழுந்தது. முன்வரிசையில் பெண்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அக்கா விலகியிருக்கலாம். அவள் குனிந்து ஹோஸைப் பிடித்தாள். முனையில் நிற்கிறவள் ஹோஸை விடக்கூடாது என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நான் சொன்னதெல்லாம் சைகை மட்டும்தான். அது இரண்டு முறை அவளைத் தூக்கியடித்தது. வலது முழங்கையிலிருந்து கழுத்து வரைக்கும் வெந்துவிட்டது. அப்புறம்தான் யாரோ ஓடிப் போய் நிறுத்தினார்கள்.

மிஷினிடம் போனேன். மாலை கைப்பிடியில் அப்படியே தொங்கியது. சில இதழ்கள் மட்டும் கம்பி வலையில் போய் ஒட்டியிருந்தன. வலைக்கு உள்ளே விளக்கடித்துப் பார்த்தேன். ஒரு நார்கூட இல்லை. மாலையைக் கையில் எடுத்தேன். மரிக்கொழுந்து மணம் போகவில்லை. முதலாளி அந்த நேரம் வாசலில் நின்றார். நான் மாலையைத் தூக்கிக் காட்டினேன். பார்த்தார். காரில் ஏறிப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் அக்காவின் கையைப் பேண்டேஜ் துணியால் சுற்றியிருந்தார்கள். அவள் அரை மயக்கத்தில் இருந்தாள். மருந்து கொடுத்திருந்தார்கள். சுற்றாத கையால் துணியின் நெசவைத் தடவிக்கொண்டே, “ஏலே தம்பி, இது நம்ம துணிதான். நல்லாக் காஞ்சிருக்கு,” என்றாள். பிறகு தூங்கிவிட்டாள்.

செலவை முதலாளி கொடுத்தார். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை பரிகார பூஜை வைத்தார். பூசணிக்காய் உடைத்தார். மைக்கில் பேசினார். மாலை உள்ளே போய்விட்டதாம். கட்டினவள் கைராசி அப்படியாம். மிஷினுக்குத் தோஷம் வந்துவிட்டதாம். பொத்தானைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஹோஸைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்காவுக்கு அந்தப் பூஜைக்கு வரவேண்டாம் என்று ஆள் விட்டுச் சொல்லியிருந்தார்கள். நான் எழுந்து கத்தினேன். நாலு பேர் சேர்ந்து என்னை வெளியே கொண்டுபோய் விட்டார்கள். பிடித்தவர்களும் அதைக் கண்ணால் பார்த்தவர்கள்தான். அவர்களுக்கும் அடுப்பு எரிய வேண்டும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். கோபம் இருக்கிறது.

நான் அன்றோடு வேலையை விட்டேன். அது பெரிய விஷயம் இல்லை. எனக்கு வேறு வேலை கிடைக்கும். அக்காவின் கை ஆறிவிட்டது. தோல் மட்டும் ரோஜா நிறத்தில் சுருங்கியிருக்கிறது. ஆனால் தெருவில் அவளிடம் யாரும் பூக்கட்டக் கொடுப்பதில்லை. போன மாதம் எதிர் வீட்டில் வளைகாப்பு. பூக்கூடை எங்கள் வாசலைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போனது. அக்கா கதவோரம் நின்று பார்த்தாள்.

“உள்ள வாக்கா,” என்றேன்.

“எங்கையில என்னமோ இருக்குலே தம்பி. அவிய சும்மாவா சொல்லுவாக?” என்றாள்.

“மாலை உள்ள போகலக்கா. நான் பாத்தேன்.”

“நீ என் தம்பி. நீ அப்பிடித்தான் சொல்லுவ.”

இதுதான் விஷயம். நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். ஜோடிக்காரி வேலைக்குப் பயந்து இரண்டாம் முறை வாய் திறக்க மாட்டாள். உள்ளங்கையைக் காட்டியது அக்காவுக்கே இப்போது கலங்கலாக இருக்கிறது. காட்டினேனா, காட்டின மாதிரி இருந்ததா என்று என்னைக் கேட்கிறாள். பகலில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது வலது கையை மடியில் வைத்து, விரலை ஒவ்வொன்றாக விரிக்கிறாள், மூடுகிறாள். தூரத்தில் மில்லின் சங்கு ஊதினால் தலையைத் தூக்குகிறாள். எனக்கும் கனவு வருகிறது. வெள்ளைத் துணிகள் வரிசையாக எழுகின்றன. அந்தக் கோடியில் அக்கா நிற்கிறாள். என்னமோ காட்டுகிறாள். ஆவியில் அவள் கை தெரியவில்லை.

மிஷின் தார்ப்பாய் போட்டு வேப்பமரத்தடியில் நிற்கிறது. அதை விற்பதோ வைத்துக்கொள்வதோ, உங்கள் இஷ்டம். நான் பணம் கேட்கவில்லை, வேலை கேட்கவில்லை, மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. கேள்வி ஒன்றுதான். அதற்குப் பதிலை என் வீட்டில் வந்து சொல்ல வேண்டாம், ஆள் விட்டும் சொல்ல வேண்டாம். வருகிற சம்பள நாளில், எல்லோரும் களத்தில் நிற்கும்போது, அக்காவையும் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்துவிட்டு, அதே மைக்கில் சொல்லுங்கள். பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் அவள் முகத்தைப் பார்த்தீர்களே, அப்போது அவள் கை விரிந்திருந்ததா இல்லையா? சொல்லுங்கள் முதலாளி.